மலைப்பிள்ளையும் மாற்றான் அளவுகோலும்

சவ்வாது மலையின் கீழைச் சரிவு சமநிலத்தைத் தொடும் இடத்தில், வேலூரிலிருந்து போளூர்க்குச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது சந்தவாசல். சம்புவரையரின் தலைநகராய் விளங்கிய படைவீட்டிற்கு இங்கிருந்துதான் வழி பிரிகின்றது. மேற்கே நிமிர்ந்து நோக்கினால் மலை. அம் மலைமேல் வாழ்வோர் மலையாளி என்னும் பெயருடைய பழங்குடியினர். கேரள மொழிக்கும் அப் பெயர்க்கும் தொடர்பில்லை. மலையை ஆள்வோர் என்பதே அதன் பொருள். அவர் நாவில் வழங்குவது தமிழ். சாமை விளைத்தலும், தேனெடுத்தலும், காடுபடு பொருள் திரட்டலும், கீழ்நிலத்திற்கு இறங்கிக் கூலிவேலை செய்தலும் அவர்தம் வாழ்வு.

ஊர்ப்பெயரின் ஈற்றில் வாசல் நிற்கின்றது. மலைப்பிள்ளை கல்வி தேடி இறங்கி வருங்கால் அவனுக்குத் திறக்கும் வாசலா அது? ‘இவன் மண்டையில் ஒன்றும் ஏறாது’ என்று சொல்லிச் சாத்தப்படும் வாசலா? இவ் வினாவிற்கு விடை காண வேண்டுமாயின், உளவியல் என்னும் துறை ஒன்றரை நூற்றாண்டாகத் தன்னுள் நடத்திவரும் வழக்குகளை ஆராய்தல் வேண்டும்.

அவ் வழக்குகளுள் தலையாயவை மூன்று. மாந்தனின் அறிவும் பண்பும் குருதிவழி வருவனவா, வளர்ப்பால் அமைவனவா என்பது முதல் வழக்கு. ஒருவன் செயலுக்கு அவனே முதலா, அவனைச் சூழ்ந்த நிலைமை முதலா என்பது இரண்டாம் வழக்கு. ஒரு நாட்டாரை ஆய்ந்து கண்ட முடிவு உலக மாந்தர் அனைவர்க்கும் பொருந்துமா என்பது மூன்றாம் வழக்கு. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் இவை தேர்வு வினாக்களாக வருகின்றன. இரு பக்கத்தையும் எழுதி, இரண்டும் தேவையே என்று முடித்துவிட்டால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் மலையடிவாரத்துப் பள்ளியில் அவ்வாறு நழுவ இயலாது. அங்கே இவ் வழக்குகள் ஒவ்வொன்றும் ஒரு குழந்தையின் தலைமேல் எழுதப்படும் தீர்ப்பாகின்றன.

முதல் வழக்கைத் தொடங்கி வைத்தவர் ஆங்கிலேயராகிய பிரான்சிசு கால்டன். 1869-இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தின் நடுவர், அரசியலார், அறிஞர் முதலியோரின் குடிவழிகளை அடுக்கிக் காட்டிப் பேரறிவு குருதியில் வருகின்றது என்று முடிவு கட்டினார். நடுவரின் மகனுக்கு நடுவரின் வீடும், நூலகமும், உயர்பள்ளியும், கைதூக்கிவிடும் உறவினரும் வாய்த்திருந்தமை அவர் கணக்கில் உரிய இடம் பெறவில்லை. 1883-இல், நல்லினப் பெருக்கம் என்று பொருள்படும் ஒரு துறைக்கு அவரே பெயரும் இட்டார். அமெரிக்காவில் அது சட்டமாகவே ஆயிற்று. அறிவு குறைந்தோர் என்று முத்திரை குத்தப்பட்டோரை மகப்பேறு இல்லாராக்கும் சட்டம் செல்லும் என்று 1927-இல் அந்நாட்டின் உச்சநயன்மன்றம் தீர்ப்பளித்தது. அவ்வாறு அறுவைக்கு ஆளானோர் 60,000-க்கு மேற்பட்டோர்.

பிறப்பிலேயே உயர்வு தாழ்வு என்னும் கொள்கை தமிழனுக்குப் புதியதன்று. வருணம் என்னும் பெயரில் அது நெடுங்காலமாக இம் மண்ணில் ஓதப்பட்டு வந்ததே. பழைய நஞ்சைப் புதிய குப்பியில் ஊற்றி, எண்களால் சீட்டு எழுதி ஒட்டியதே கால்டன் செய்த புதுமை. எல்லா உயிர்க்கும் பிறப்பு ஒத்ததே என்று வள்ளுவர் அறுதியிட்டு ஈராயிரம் ஆண்டுக் காலமாகியும், பிறப்பைக் கொண்டு அளக்கும் பேதைமை அறிவியலின் உடை தரித்து மீண்டும் வந்தது.

அவ் வுடை சட்டத்தின் உடையாகவும் இங்கே வந்திறங்கிற்று. குற்றம் செய்தலைச் சில குடிகளின் பிறவித் தொழிலாகக் கருதிக் குற்றப் பரம்பரைச் சட்டம் என்று மக்களால் வழங்கப்பெற்ற சட்டத்தை 1871-இல் ஆங்கில அரசு இயற்றிற்று. 1911-க்குப் பின் அது சென்னை மாகாணத்தும் பரவிற்று. கைரேகை பதிய மறுத்து நின்ற பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்பிரல் 3-ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது; 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947-இலும், இந்தியா முழுமையும் 1952-இலும் அச் சட்டம் நீக்கப்பட்டது. சட்டம் போயிற்று, அதனை ஈன்ற எண்ணம் போயிற்றா என்பதே வினா.

அறிவை அளக்கும் தேர்வு தோன்றிய கதை இதனினும் கசப்பானது. பள்ளியில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிந்து தனியுதவி நல்குதற்கென்றே, பிரான்சு நாட்டு ஆல்பிரட்டு பினேயும் சீமோனும் 1905-இல் அத் தேர்வை அமைத்தனர். அறிவு என்பது கூடவும் குறையவும் இயலாத கற்பாறை என்று கூறுவோரைப் பினே வெளிப்படையாகவே கண்டித்தார். 1911-இல் அவர் மறைந்தார். உதவிக்கென்று அவர் செய்த கோல் பிறர் கையில் தடியாயிற்று. அமெரிக்காவின் காடார்டு, நியூயார்க் துறைமுகத்து எல்லிசு தீவில் வந்திறங்கிய ஏழைக் குடியேறிகளைச் சோதித்து, யூதர், இத்தாலியர், அங்கேரியர், உருசியர் ஆகியோருள் தாம் தேர்ந்தெடுத்து ஆய்ந்தவருள் ஐந்தில் நால்வர் அறிவு குறைந்தோர் என்று எழுதினார். பல நாள் கப்பலில் வாடி, அயல்மொழி புரியாது, அச்சத்தோடு நின்ற உழைப்பாளிக்கு அவர் கையில் எழுதுகோலைத் திணித்து எடுத்த அளவு அது!

இங்கிலாந்தில் சிரில் பர்ட்டு என்பார் வெவ்வேறு வீடுகளில் வளர்ந்த ஒருகரு இரட்டையரை ஆய்ந்ததாகக் கூறி, அறிவு பெரிதும் மரபுவழியதே என்று நிலைநாட்டினார். 1971-இல் அவர் இறந்தபின், அமெரிக்க அறிஞர் காமின் அவ் வெண்களைத் துருவினார். 1955-இல் 21 இணைகளை ஆய்ந்தபோது கிடைத்த ஒப்புமை எண் 0.771. 1966-இல் 53 இணைகளை ஆய்ந்தபோதும் அதே 0.771. இணைகளின் தொகை இரு மடங்கிற்கு மேற்பட்டும், மூன்றாம் பதின்ம இலக்கமும் அசையவில்லை! அது வேண்டுமென்றே செய்த பொய்யா, ஒழுங்கின்மையால் விளைந்த பிழையா என்பதில் அறிஞர் இன்றும் வேறுபடுகின்றனர். அவ் வெண்களை ஊன்றி எதனையும் கட்டலாகாது என்பது மட்டும் தெளிவு.

இதனால் மரபுக்கு அறவே இடமில்லை என்று கூறுதலும் பிழையே. பர்ட்டிற்குப் பின் நேர்மையாக நடந்த இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கைக் காட்டவே செய்கின்றன. ஆனால் அப் பங்கின் பொருள் யாது? அமெரிக்க உயிரியலறிஞர் இலெவாண்டின் 1970-இல் காட்டிய உவமையை மலைநிலத்தில் வைத்துப் பார்க்க. ஒரே பையிலிருந்து இரு கை சாமை விதை எடுக்கப்படுகின்றது. ஒன்று எருவிட்ட கொல்லையில் விதைக்கப்படுகின்றது. மற்றொன்று மண் அரித்தோடிய பாறைச் சரிவில். ஒரே கொல்லைக்குள் பயிருக்குப் பயிர் தோன்றும் உயர வேற்றுமை விதையால் வந்ததாகலாம். கொல்லைக்கும் சரிவுக்கும் இடைப்பட்ட வேற்றுமையோ முற்றும் மண்ணால் வந்தது. ஒரு குழுவினுள் மரபு செயற்படுகின்றது என்பதைக் காட்டி, இரு குழுக்களுக்கு இடையிலுள்ள வேற்றுமையும் மரபே என்று கூறுவோன் ஏரணத்தில் இடறி விழுந்தோன் ஆவான்.

சான்றுகளும் அவ்வாறே பேசுகின்றன. தலைமுறைதோறும் அறிவுத்தேர்வு மதிப்பெண் உயர்ந்து வந்துள்ளமையை, 14 நாடுகளின் கணக்கைக் கொண்டு 1987-இல் பிளின் என்பார் காட்டினார். ஒரு தலைமுறைக்குள் குருதி மாறிவிடுமா? மாறியவை பள்ளியும், உணவும், வாழ்வுமே. 2003-இல் டர்க்கைமர் குழுவினர் ஏழாண்டு அகவை இரட்டையரை ஆய்ந்து, செல்வர் வீட்டில் மரபின் பங்கு மிகுதியாயும், வறியோர் வீட்டில் ஏறத்தாழ இன்மையாயும் இருத்தலைக் கண்டனர். விதையின் ஆற்றல் வெளிப்படுதற்கும் மண் வேண்டும் என்பதே இதன் பொருள். மழையால் மண் அரிக்கப்படும் மலைநிலங்களில் அயோடின் குறைவது இயல்பு. கருவிலும் குழவிப் பருவத்திலும் அது கிட்டாமற்போனால் மூளை வளர்ச்சி குன்றும். உப்பில் சிறிது சேர்த்தாலே அதனைத் தடுத்துவிடலாம். உப்பில் இல்லாத குறையைக் குருதியில் தேடுவோரை என்னென்பது?

கால்டனுக்குத் தமிழ்மண் சொன்ன மறுமொழி சோறு. பெருங்காமநல்லூரில் குருதியைக் கரணியம் காட்டி மக்களைச் சுட்ட அதே 1920-இல், சென்னை மாநகராட்சி தன் பள்ளிப் பிள்ளைகட்குப் பகலுணவு அளிக்க முனைந்தது. 1956-இல் காமராசர் அதனை நாடெங்கும் விரித்தார். 1982-இல் அது சத்துணவாயிற்று. 2022-இல் காலையுணவும் சேர்ந்தது. பசித்த வயிற்றின் மந்தத்தை அறிவின் மந்தமாகக் கொள்ளலாகாது என்பதை, ஆய்வுக்கூடத்தார் எண்ணிட்டுக் காட்டுமுன்னரே அடுக்களை உணர்ந்திருந்தது.

இனி இரண்டாம் வழக்கு. ஒருவன் தவறு செய்யக் காணின், அவனை அத் தவற்றுள் தள்ளிய நிலைமையை மறந்து, அவன் இயல்பே தீயது என்று துணிதல் மாந்தரின் பொதுப்பிழை. உளவியலார் இலீ இராசு 1977-இல் இதனை அடிப்படைப் பிழை என்றே பெயரிட்டழைத்தார். இப் பிழை மலைமக்கள்மீது எத்துணைக் கொடுமையாய் இறங்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் சான்று தேட வேண்டியதில்லை.

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடியில் உள்ளது வாச்சாத்தி. அங்கு வாழ்வோரும் மலையாளிப் பழங்குடியினரே. சந்தனக் கட்டை பதுக்குவோர் என்று ஊர் முழுமையும் முத்திரை குத்தப்பட்டு, 1992 சூன் 20-ஆம் நாள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூருள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே என்று 2011-இல் தீர்ப்பாயிற்று. 2023-இல் சென்னை உயர்நயன்மன்றம் அதனை உறுதி செய்தது. ஓர் ஊரையே திருட்டூர் என்று எண்ணியோர் குற்றவாளிக் கூண்டில் நின்ற நாள் அது.

2015 ஏப்பிரல் 7-ஆம் நாள், திருப்பதியை அடுத்த சேசாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தோர் என்று கூறி 20 தமிழரை ஆந்திரக் காவற்படை சுட்டுக் கொன்றது. மாண்டோருள் பலர் திருவண்ணாமலை மாவட்டத்தினர். சவ்வாது மலையூர்களைச் சேர்ந்தோரும் அவருள் இருந்தனர். மரம் வெட்டுதல் குற்றமாயின் அதற்கு வழக்குமன்றம் உண்டு. வானம் பார்த்த பயிரும், ஆண்டிற் சில திங்களே கிட்டும் வேலையும், கையில் முன்பணத்தைத் திணிக்கும் தரகனும் அவரை அக் காட்டுக்குள் தள்ளியதை ஆராய்வதற்கு மாறாக, மலையான் என்றாலே மரத்திருடன் என்று நாக்கூசாது பேசியோர் நம் சந்தைகளிலும் பேருந்துகளிலும் இருந்தனர். 1871-ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் மாண்டும் நாவில் மாளவில்லை.

சூழலை உணர்தல் குற்றத்தைப் பொறுத்தலாகாதோ என வினவலாம். ஆகாது. 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மில்கிரம் நடத்திய சோதனையில், மேலாளர் ஏவியதற்காகவே, அடுத்த அறையில் அலறும் ஒருவனுக்குக் கடுமையான மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டு கடைசி விசைவரை அழுத்தியோர் 40 பேரில் 26 பேர். அவர் பிறவிக் கொடியோர் அல்லர். தெருவில் காணும் இயல்பான மாந்தரே. வாச்சாத்தியில் புகுந்த அலுவலரும் அத்தகையோராய் இருந்திருக்கலாம். ஆயினும் ஏவல் மீறி நின்றோரும் அச் சோதனையில் 14 பேர் இருந்தனர் என்பதை மறத்தலாகாது. சூழல் அழுத்தும், மாந்தன் நிமிரவும் கூடும். ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். வலியோன் தவறினால் சூழலையும், எளியோன் தவறினால் குருதியையும் கரணியமாகக் காட்டும் இரட்டை நாக்கே வெறுக்கத்தக்கது.

மூன்றாம் வழக்கே எல்லாவற்றுக்கும் அடி. உளவியல் இதழ்களில் ஆய்வுக்குட்பட்டோராய் வந்தோரில் 96 விழுக்காட்டினர் மேலைத் தொழில்வள நாட்டினர் என்றும், அந் நாடுகளின் மக்கள்தொகை உலகில் 12 விழுக்காடே என்றும் 2008-இல் அமெரிக்க உளவியலார் ஆர்னெட்டு கணக்கிட்டார். அவருள்ளும் பெரும்பகுதியினர் கல்லூரி மாணவர். உலகின் எட்டிலொரு பங்கினரைக் கண்டு எழுதிய நூலுக்கு மாந்தன் உள்ளம் என்று தலைப்பிடலாமா?

1917-இல் அமெரிக்கப் படைக்கு ஆள் எடுத்தபோது, எழுத்தறியார்க்கென்று படத்தேர்வு ஒன்று அமைக்கப்பட்டது. வலையில்லாத வரிப்பந்துக் களத்தைக் காட்டி, விடுபட்டதை வரைக என்றனர். வரிப்பந்தையே காணாத உழவன் அறிவிலி ஆனான்! 1931-இல் உருசிய உளவியலார் இலூரியா உசுபெக்கு உழவரிடம் சுத்தி, அரம்பம், கோடரி, மரக்கட்டை நான்கையும் காட்டி, சேராத ஒன்றை நீக்கச் சொன்னார். நீக்க மறுத்தனர் உழவர். மரமின்றிக் கருவி எதற்கு என்று கேட்டனர். இலைபீரிய நாட்டுக் கிபெல்லே உழவரோ, கத்தியைக் கிழங்கோடு சேர்த்து வைத்து, அறிவுடையோன் இவ்வாறே செய்வான் என்றனர். அறிவிலி எவ்வாறு செய்வான் என்று ஆய்வாளர் கேட்டதும், உணவை உணவோடும் கருவியைக் கருவியோடும் சேர்த்துக் காட்டினர். மேலைத் தேர்வு எதனை அறிவு என்று மதிப்பெண் இட்டதோ, அதுவே அவர்க்கு அறிவின்மையாய்த் தோன்றிற்று!

இப்போது சந்தவாசலுக்குத் திரும்புக. மலையிலிருந்து இறங்கிய ஒரு சிறுவன் தேர்வாளர்முன் அமர்ந்திருப்பதாக எண்ணிப் பார்க்க. தொடர்வண்டியின் படத்தில் விடுபட்டது யாது என்று கேட்கின்றனர்; அவன் மலைமேல் தொடர்வண்டி இல்லை. எந்தப் பூ பூக்கும் திங்களில் எந்தப் பாறையில் தேன் இருக்கும், எந்தக் கிழங்கை எவ்வாறு வேகவைத்தால் நஞ்சு நீங்கும் என்பதை அவன் அறிவான். அதனைக் கேட்பார் இல்லை. தேர்வாளரோ அயலார், வினாவோ அயன்மொழியிலிருந்து பெயர்த்தது. அவன் வாய் திறவான். அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், ஆள்வோர் என நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்தார். உணர்வை அது தோன்றும் களத்தோடு வைத்து எண்ணிய நெறி அது. வாச்சாத்தியும் சேசாசலமும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு, மேசைக்கு அப்பால் தாளும் எழுதுகோலுமாய் அமர்ந்திருப்பவர் எந்தக் களன்? அவன் வாய்பேசாமையை மந்தம் என்று குறித்துக்கொள்வோர்க்கு இவ் வினாவே தோன்றுவதில்லை.

பினேயின் தேர்வைக் காமத் என்பார் 1930-களில் கன்னட, மராத்தியப் பிள்ளைகட்கென மாற்றியமைத்தார். அது அவர் செய்த நற்பணி. ஆனால் அதே தேர்வு பின்னர் இந்தியாவின் பல பகுதிகளிலும் பல்லாண்டுக் காலம் கையாளப்பட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் போவாசு தலைமையில் உளவியல் துறை தொடங்கியது 1943-இல். எண்பதாண்டுக்கு மேலாயிற்று. மலைப்பிள்ளையின் சொல்லிலும் தொழிலிலும் வாழ்விலும் ஊன்றி எழுந்த தேர்வு எத்தனை என்று தமிழ்நாட்டுக் கல்வித்துறையார் தம்மைத் தாமே வினவிக்கொள்க.

இவ்விடத்துத் தமிழன்பர்க்கும் ஒரு சொல். எண்வகை மெய்ப்பாட்டையும் எடுத்தோதி, உளவியலை உலகிற்கு ஈந்தவன் தமிழனே என்று மார்தட்டி அடங்கிவிடுதல் எளிது. அயன்மொழித் தேர்வை அகற்றிவிட்டு, நகரத்து அறையில் அமர்ந்து தூயதமிழில் ஒரு தேர்வு எழுதி மலைக்கு அனுப்பினாலும், அஃதும் மாற்றான் அளவுகோலே. மலைப்பிள்ளையின் வீட்டுச் சொல் ஏட்டுத் தமிழில் இல்லையெனில், குறை ஏட்டினது, பிள்ளையினது அன்று. மலைமக்கள் பேச்சைக் கொச்சை என்று நகைக்கும் நாடன், ஆங்கிலேயன் தன்னை நகைத்தபோது துடித்ததை மறந்தவன்.

தேர்வே வேண்டாம் என்பதன்று இதன் முடிவு. மெய்யாகவே உதவி வேண்டும் குழந்தையைக் காணாது விடுதலும் கொடுமையே. பினேயின் முதல் நோக்கத்திற்கு அளவுகோலை மீட்டல் வேண்டும். அறிவை அளக்குமுன் கண்ணையும் காதையும் வயிற்றையும் உப்பையும் அளக்க. வீட்டுமொழி அறிந்தவரே வினவுக. மலைக்காரர் துணையோடு மலைநிலத்தில் வினாக்களை ஆக்கி, மலைப்பிள்ளைகளிடமே நடத்தி, அவருக்கென இயல்நிலை எண்களை வகுக்க. ஒரு நாள் தேர்வைக்கொண்டு ஒருவனுக்கு வாழ்நாள் பெயர் சூட்டற்க. ‘மண்டையில் ஏறாது’ என்னும் சொல்லை ஆசிரியர் தம் நாவினின்று அறவே களைக.

முழக்கோல் கோணலாயின் தச்சன் மரத்தை ஒறுப்பதில்லை, கோலை மாற்றுகின்றான். கல்வியாளர்க்கு அவ் வறிவு வரும் நாளில்தான் சந்தவாசல் மலைப்பிள்ளைக்கு மெய்யாகவே வாசலாகும்.